விஷயம் துணைக் கேள்வியில்தான் இருக்கிறது

2020 செப்டம்பர் 14. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு நாடாளுமன்றம் மீண்டும் கூடிய முதல் நாள். ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்கப்பட்டதா என்று தொழிலாளர் அமைச்சகத்திடம் மக்களவையில் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. தரவே இல்லாததால் இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்று அடுத்த வரியும் முடிந்துபோனது.

அதே கூட்டத்தொடரில் சில நாள் கழித்து மாநிலங்களவையில் திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினர் டெரிக் ஓபிரையன் கேட்டது ரயில்வே அமைச்சகத்தை. தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? இதற்கு எண் வந்தது. செப்டம்பர் 9 வரை 97 பேர், மாநிலக் காவல்துறைகள் தந்த தகவலின்படி, என்று அமைச்சர் பியூஷ் கோயல் எழுத்துபூர்வமாகப் பதில் கொடுத்தார்.

அரசு ஒன்றுதான், துயரமும் ஒன்றுதான். முதல் கேள்வி நாடு முழுக்கப் பரந்து கிடந்த ஒரு விஷயத்தை, கணக்கு வைத்திருக்கும் கடமை தனக்கில்லை என்று சொல்லிவிடக்கூடிய ஓர் அமைச்சகத்திடம் கேட்டது. இரண்டாவது கேள்வி, ஓடிய ஒவ்வொரு ரயிலுக்கும் பதிவு வைத்திருக்கும் ஒரு துறையைத் தேடிப் போய்க் கேட்டது. சட்டமியற்றுபவர்கள் அமைச்சர்களைக் கேள்வி கேட்கும் முறையைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை விட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமை எல்லா உறுப்பினருக்கும் இருக்கிறது. எதை, யாரிடம், எவ்வளவு குறுக்கிக் கேட்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

இந்த வழக்கத்தின் வேர் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே பதிவான முதல் கேள்வி 1721 இல் பிரபுக்கள் அவையில் எழுந்தது. சவுத் சீ கம்பெனி சரிந்து ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்திருந்த நேரம். கம்பெனியின் காசாளர் ராபர்ட் நைட் வெளிநாட்டுக்குத் தப்பிவிட்டார். அவர் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா என்று கவுப்பர் பிரபு கேட்டார். அமைச்சர் சண்டர்லாண்ட் பிரபு பதில் சொன்னார். பணம், மோசடி, தப்பியோடிய ஆள், அரசு என்ன செய்கிறது என்ற கேள்வி: முந்நூறு ஆண்டு கழித்தும் இன்றைய அவைக் குறிப்பில் அப்படியே பொருந்தும்.

இந்தியாவில் இந்த உரிமை துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. 1892 ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம் உறுப்பினர்களைக் கேள்வி கேட்க அனுமதித்தது. ஆனால் வந்த பதிலின் மேல் மறுகேள்வி கிடையாது. பதில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உட்கார வேண்டியதுதான். மிண்டோ-மார்லி சீர்திருத்தம் வந்த 1909 இல்தான், கேள்வி கேட்டவர் வந்த பதிலின் மேல் ஒரு துணைக் கேள்வி எழுப்பலாம் என்று ஆனது. காலனி அரசு கேள்வியைக் கொடுத்துவிட்டுத் துணைக் கேள்வியை இத்தனை ஆண்டுகள் பிடித்துவைத்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எது தங்களை உண்மையில் சங்கடப்படுத்தும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விடுதலைக்குப் பின் இதற்கு அரசியலமைப்பின் அடித்தளம் வந்தது. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது 75(3) ஆவது பிரிவு. மாநிலங்களில் சட்டமன்றத்துக்கு அதே பொறுப்பை 164(2) சொல்கிறது. பொறுப்பு என்று எழுதிவைத்தால் போதாது, அன்றாடம் அதைக் கேட்டுப் பெற ஒரு வழி வேண்டும். கேள்வி நேரம் அந்த வழி.

இப்போது ஒரு கேள்வி எப்படிப் பயணிக்கிறது என்று பார்ப்போம். மக்களவையில் கூட்டம் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம், 11 மணி முதல் 12 வரை, கேள்விக்கானது. மாநிலங்களவையிலும் அப்படித்தான் இருந்தது. அமளியில் அந்த நேரம் தொடர்ந்து பறிபோனதால் 2014 இல் அதை நண்பகல் 12 மணிக்கு மாற்றினார்கள். உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்பே கேள்வியை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு குழுவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். ஆகவே நினைத்த நாளில் நினைத்த அமைச்சரைக் கேட்க முடியாது. எந்தக் கேள்வி பட்டியலில் முதலில் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, மூத்தவர், புதியவர் என்ற பேதம் இதில் இல்லை என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய நல்ல குணம்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அதன் மேல் துணைக் கேள்விகள் கேட்கலாம். இப்படிப்பட்ட நட்சத்திரக் கேள்விகள் மக்களவையில் ஒரு நாளைக்கு 20, மாநிலங்களவையில் 15. குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அத்தோடு சரி. மக்களவையில் நாளொன்றுக்கு 230, மாநிலங்களவையில் 160 வரை. அவசரமென்றால் குறுகிய கால அறிவிப்பில் கேட்கலாம், ஆனால் அதற்கு அமைச்சர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எதையெல்லாம் கேட்கக்கூடாது என்ற பட்டியலும் நீளமானது. மக்களவை விதிகளின்படி கேள்வி பொதுவாக 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வாதம், ஏளனம், குற்றச்சாட்டு, அடைமொழி கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக்கூடாது. 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்ற ஊகக் கேள்வி கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதைத் தொடக்கூடாது. கேள்வி இந்திய அரசின் பொறுப்புக்குள் வரும் விஷயமாக இருக்க வேண்டும். ஏற்பதா தள்ளுவதா என்பது சபாநாயகரின் முடிவு. நட்சத்திரக் கேள்வியாகக் கொடுத்ததை அவர் எழுத்துபூர்வக் கேள்வியாக மாற்றவும் முடியும். இந்த விதிகளில் பெரும்பாலானவை நியாயமானவை என்றே நினைக்கிறேன். அடைமொழியை எடுத்துவிட்டால் கேள்வி பலவீனமாவதில்லை, உண்மை மட்டும் மிஞ்சுவதால் தப்பிப்பதுதான் கடினமாகிறது. ஆனால் 'அரசின் முதன்மைப் பொறுப்பு அல்ல' என்ற காரணம் எவ்வளவு வேண்டுமானாலும் நீளக்கூடியது என்பதையும் மறக்கக்கூடாது.

கேள்வி ஏற்கப்பட்டதும் அமைச்சகத்தில் வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு அமைச்சகத்திலும் நாடாளுமன்றப் பணிகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. கேள்வி அங்கிருந்து சம்பந்தப்பட்ட இணைச் செயலாளரின் மேசைக்குப் போகும். கீழ் அலுவலகங்களிலிருந்து எண்கள் வர வேண்டும். வரைவு பதில் படிப்படியாக மேலேறி அமைச்சரின் ஒப்புதலைப் பெற வேண்டும். நட்சத்திரக் கேள்வி என்றால் பதிலோடு தடிமனான ஒரு குறிப்புக் கோப்பும் தயாராகும். என்னென்ன துணைக் கேள்வி வரலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்லலாம் என்று அதிகாரிகள் யோசித்து எழுதிவைப்பது. ஒரு கோப்பு ஏன் இத்தனை மாதம் நகரவில்லை என்று துறைக்குள்ளேயே யாரோ முதன்முறையாகக் கேட்பது பல நேரம் இந்தத் தயாரிப்பின்போதுதான். அவையில் ஒரு வார்த்தை பேசப்படும் முன்பே கேள்வி தன் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. வெளியே தெரியாத இந்தப் பகுதியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

அப்புறம் அவை. சபாநாயகர் கேள்வி எண்ணை அழைக்கிறார். அமைச்சர் எழுந்து, 'அறிக்கை அவையின் மேசையில் வைக்கப்படுகிறது' என்று மட்டும் சொல்லி அமர்கிறார். பதில் ஏற்கெனவே அச்சில் உறுப்பினர் கையில் இருக்கிறது. கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள். பிறகு சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம். அதிகாரிகள் மாடத்தில் துறைச் செயலாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எதிர்பாராத கேள்வி வந்தால் அங்கிருந்து துண்டுச் சீட்டு அமைச்சருக்குப் போகும். அந்தச் சீட்டு வரும்வரை அமைச்சர் தன் துறையைப் பற்றித் தனக்கு எவ்வளவு தெரியும் என்பதை நாட்டுக்கே காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை என்பது பொருள். 'ஆசிரியர் பற்றாக்குறையைப் போக்க அரசு எடுத்துவரும் நடவடிக்கைகள் என்ன?' என்று ஓர் உறுப்பினர் கேட்டால், இரண்டு பக்கத்துக்குத் திட்டங்களின் பெயர்கள் வரும். காலியிடங்களை நிரப்புவது தொடர் நடவடிக்கை என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அமைச்சருக்கு ஒரு சிரமமும் இல்லை. இதையே இன்னொருவர், அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, இந்தத் தேதி நிலவரப்படி காலி எத்தனை, மாநிலவாரியாக, பாடவாரியாக என்று கேட்டால் அட்டவணை வந்தே தீர வேண்டும். அட்டவணை கையில் கிடைத்ததும் துணைக் கேள்வி பிறக்கிறது: 'இந்தக் காலியிடங்களில் ஓராண்டுக்கு மேலாகக் காலியாக இருப்பவை எத்தனை? தேர்வு அறிவிப்பு எந்த மாதம் வரும்?' இதற்குத் திட்டத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஒரு மாதத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், அல்லது சொல்ல முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

பல உறுப்பினர்கள் இந்த வாய்ப்பை வீணாக்குகிறார்கள் என்பது வருத்தமான உண்மை. துணைக் கேள்வி என்று எழுந்து மூன்று நிமிடம் பேசிவிட்டு, கடைசியில் நான்கு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் கேட்பார்கள். அமைச்சர் நான்கில் எளிதானதைப் பொறுக்கிப் பதில் சொல்வார். மற்ற மூன்றும் காற்றோடு போகும். நம் சட்டமன்றங்களில் இன்னொரு பழக்கம் உண்டு. தலைவரையும் அமைச்சரையும் புகழ்ந்து முடித்துவிட்டு, 'என் தொகுதியில் பாலம் கட்ட அமைச்சர் முன்வருவாரா?' என்று கேட்பது. 'நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வரும். தொகுதிக்குப் பாலம் வேண்டும்தான், கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பாலத்துக்கு மதிப்பீடு தயாரானதா, எந்த ஆண்டில், கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் என்று கேட்டால் அமைச்சருக்கும் துறைக்கும் ஒரு பொறுப்பு ஒட்டிக்கொள்ளும்.

தப்பிக்கும் வழிகளும் எல்லா ஆட்சிக்கும் பொதுவானவை. கட்சி மாறினாலும் வாசகம் மாறுவதில்லை. (அ) முதல் (ஈ) வரை தனித்தனியாகக் கேட்ட நான்கு பகுதிக்கும் சேர்த்து ஒரே பத்தியில் பதில் கொடுத்து, விரும்பாத பகுதியைக் கரைத்துவிடுவது ஒன்று. 'இது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம்' என்பது இன்னொன்று. 2021 ஜூலையில் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்கள் பற்றி மாநிலங்களவையில் கேட்டபோது, சுகாதாரம் மாநில விஷயம், ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாகக் குறிப்பாக எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை என்று ஒன்றிய அரசு சொன்னது. மருத்துவமனை வாசல்களில் மக்கள் பட்ட பாடு அந்த ஒரு வாக்கியத்தில் இடமில்லாமல் போனது. மாநிலங்கள் தெரிவித்த எண் இல்லை என்பது காகிதத்தில் சரியாக இருக்கலாம். தெரிவிக்கும்படி எப்போது, எந்தப் படிவத்தில் கேட்டீர்கள் என்ற அடுத்த கேள்விதான் அங்கே தேவைப்பட்டது.

மூன்றாவது வழி, 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது', 'அரசின் பரிசீலனையில் உள்ளது'. இவை வெறும் சமாளிப்புகள் என்று நாம் கடந்துவிடுகிறோம். ஆனால் நாடாளுமன்ற நடைமுறையில் இவை பதிவாகும் வாக்குறுதிகள். மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இயங்குகிறது. அமைச்சர்கள் அவையில் சொன்னவற்றைச் சல்லடை போட்டு, 'ஆராய்கிறேன்', 'தகவல் தருகிறேன்' என்ற வகையில் சொன்னவற்றை உறுதிமொழியாகக் குறித்துக்கொள்வது அதன் வேலை. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும், கைவிட விரும்பினால் காரணம் சொல்லிக் குழுவின் சம்மதம் பெற வேண்டும். அமைச்சர் யாரும் இதில் உறுப்பினராக முடியாது. தமிழ்நாடு சட்டமன்றத்திலும் இதே பெயரில் ஒரு குழு உண்டு. மாவட்டங்களுக்கு நேரில் போய், சொன்ன கட்டடம் வந்ததா, சாலை போடப்பட்டதா என்று பார்க்கிறது. பத்திரிகைகள் இந்தக் குழுவின் அறிக்கைகளுக்கு இன்னும் அதிக இடம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நிறைவேறாமல் கிடக்கும் உறுதிமொழிகள், எந்தத் துறை எதில் திணறுகிறது என்பதற்கு அரசே கையெழுத்திட்டுத் தந்த சாட்சி.

பதிலே தவறு என்றால்? உறுப்பினர் சபாநாயகருக்கு எழுதிச் சுட்டிக்காட்டலாம். அமைச்சரே அவையில் திருத்த அறிக்கை வைப்பதும் உண்டு. பதில் போதவில்லை என்றால் மக்களவையில் அரை மணி நேர விவாதம் கோரலாம்.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு முந்த்ரா விவகாரம் இன்றும் நல்ல பாடம். 1956 இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானபோது உருவான ஆயுள் காப்பீட்டுக் கழகம், அடுத்த ஆண்டே ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனங்கள் அவை. மக்களவையில் கேள்விகள் எழுந்தன, பதில்கள் திருப்தி தரவில்லை. 1957 டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி விஷயத்தை முழுமையாக அவையில் வைத்தார். அவர் ஆளும் காங்கிரஸின் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். பங்கு வாங்க யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற நேரடியான விவரங்களைச் சுற்றியே எல்லாம் நடந்தது. சொந்தக் கட்சி உறுப்பினரே கேட்டது அதற்குக் கூடுதல் வலு. ஆளுங்கட்சி உறுப்பினரின் வேலை அமைச்சருக்குத் துணைநிற்பது மட்டும்தான் என்ற எண்ணம் அன்றைக்கு இவ்வளவு இறுகியிருக்கவில்லை.

கேள்விக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதால்தான் அதற்கு விலை பேசவும் ஆள் வந்தார்கள். 2005 டிசம்பரில், பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்க ஒப்புக்கொண்ட உறுப்பினர்கள் ரகசியக் கேமராவில் சிக்கினார்கள். மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர், மொத்தம் 11 பேரை அந்த மாதமே நாடாளுமன்றம் வெளியேற்றியது. 2007 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பிற நாடுகள் இதை வேறு வேறு விதமாகச் செய்கின்றன. பிரிட்டனில் புதன்கிழமைதோறும் அரை மணி நேரம் பிரதமரே நிற்க வேண்டும். 1961 இல் நிலையான நேரம் கண்ட அந்த வழக்கம் 1997 இல் இன்றைய வாரம் ஒருமுறை வடிவத்துக்கு வந்தது. கனடாவில் முன்னறிவிப்பே இல்லாமல் தினமும் 45 நிமிடம் கேட்கலாம். ஆனால் பதில் சொல்லும்படி சபாநாயகர் கட்டாயப்படுத்த முடியாது. பின்லாந்தில் 20 உறுப்பினர்கள் கையெழுத்திட்டு ஒரு விளக்கம் கோரினால் அரசு 15 நாளில் பதில் சொல்ல வேண்டும், அது நம்பிக்கை வாக்கெடுப்பு வரை போகும். வாராவாரம் பிரதமரை நிறுத்துவது பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். தகவல் பெறுவதற்கு நமது நட்சத்திரக் கேள்வி முறை அதைவிட மேலானது என்பது என் கருத்து. நம்மிடம் உண்மையில் இல்லாதது வேறொன்று. பிரிட்டனில் நாடாளுமன்றக் குழுக்கள் அமைச்சரையே நேரில் உட்காரவைத்து மணிக்கணக்கில் கேட்கின்றன. 2002 முதல் பிரதமரும் அப்படி ஒரு குழுவின் முன் வருகிறார். இங்கே பொதுக் கணக்குக் குழு போன்றவை அதிகாரிகளைத்தான் அழைக்கின்றன. முடிவெடுத்தவர் அவையில் இரண்டு துணைக் கேள்விகளோடு தப்பிவிட, செயல்படுத்தியவர் மட்டும் குழுவில் வியர்க்கிறார்.

இருக்கிற ஒரு மணி நேரமாவது முழுதாகக் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் பட்டியலிட்ட 20 நட்சத்திரக் கேள்விகளும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அது செய்தியானது, ஏனென்றால் அதற்கு முன் அப்படி நடந்தது 1972 மார்ச் 14 அன்று. எடுபடாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்துவிடும். துணைக் கேள்வி மட்டும் செத்துப்போகும். அமளியால் அவை ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு காலையும் நடப்பது இதுதான். தொடக்கத்தில் சொன்ன 2020 கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நீக்கப்பட்டிருந்தது. எழுத்துபூர்வ பதில்கள் மட்டும். 'தரவு இல்லை' என்ற பதிலுக்கு எதிரே எழுந்து நின்று, ஏன் இல்லை என்று அமைச்சரின் முகத்துக்கு நேரே கேட்க அன்று யாருக்கும் வழியில்லை. கேள்வி நேரத்தில் கூச்சல் போடும் கட்சிகள், தங்கள் கையில் இருக்கும் மிகக் கூரிய கருவியைத் தாங்களே கீழே போடுகின்றன. கேள்வி நேரத்தை ரத்து செய்யும் அரசுக்கும் அமளியில் அதைக் கரைக்கும் எதிர்க்கட்சிக்கும் முடிவில் கிடைக்கும் பலன் ஒன்றே: அமைச்சர் பதில் சொல்லாமல் வீடு போகிறார்.

இதையெல்லாம் நாம் நேரடியாகவே பார்க்கலாம். தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையாக வருகிறது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வந்த பதில்கள் சன்சத் இணையதளத்தில் உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி வாரியாகத் தேடக் கிடைக்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரை இட்டுத் தேடுங்கள். எத்தனை கேள்வி கேட்டார் என்ற எண்ணிக்கையோடு நிறுத்தாமல், நான்கைந்தைத் திறந்து படியுங்கள். எண் கேட்டாரா, திட்டத்தின் பெயர் கேட்டாரா, சென்ற கூட்டத்தொடரில் 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்ததை இந்தக் கூட்டத்தொடரில் மறுபடி எழுப்பினாரா என்று பாருங்கள். அடுத்த முறை அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது, அந்தக் கேள்வி எண்ணையும் தேதியையும் சொல்லி என்ன ஆயிற்று என்று கேட்கலாம்.